நம் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்கின்றனர்?

(காரைநகரில் பெற்றாரும் ஆசிரியரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சினிமா நட்சத்திரங்களால் நம் பிள்ளைகளுக்கு நேரும் நன்மை தீமைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தலைவர் அவர்கள் தலைப்பை அறிவித்தபோதே தாய்மார் பலருடைய முகத்தில் ஒரு திருப்தி தோன்றியதைக் கண்டேன். ‘வாத்தியார் இன்று நடிகர்களை ஒரு பிடி பிடிப்பார், கைபேசியைத் தூக்கிக் கிணற்றிலே போடச் சொல்வார்’ என்று எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள் போலும். அவ்வாறு பேசுவது எளிது, கைதட்டும் கிடைக்கும். ஆனால் நானும் ஒரு காலத்தில் நடிகர் ஒருவரின் அடிமையாய் இருந்தவன். ஆதலின் என் குற்றத்தை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

1965ஆம் ஆண்டு எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்திருந்தனர். 1917இல் நம் நாட்டு மலையகத்திற் பிறந்தவர், பெரும் புகழோடு திரும்பி வந்தார் என்று நாடே அமர்க்களப்பட்டது. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து பட்டணத்துக்குப் போய், வின்சரிலோ வெலிங்டனிலோ ஒரு படம் பார்த்து வருவது அந்நாளிற் காரைநகர்ச் சிறுவனுக்குக் காசி யாத்திரைக்குச் சமானம். அப்படியொரு யாத்திரை முடிந்த மறுநாள், வேலியிலே பூவரசங்கம்பு இரண்டை முறித்து வாளாக்கினேன். வீரன் நான், வில்லன் நம்பியார் என் தம்பி. மூத்தவன் என்றால் அந்த உரிமை உண்டல்லவா? மூன்றாம் வீச்சிற் கம்பு அவன் புருவத்தைக் கிழித்தது. அரை அங்குலம் தாழ்ந்திருந்தாற் கண் போயிருக்கும். அறுபது ஆண்டுகள் கழிந்தும் அவன் நெற்றியில் அந்தத் தழும்பு இருக்கிறது. என் தகப்பனார் எனக்கு நன்றாக அடித்தார். பின்னர் அந்தப் படத்தையும் அதில் நடித்தவரையும் வாய் ஓயுமட்டும் ஏசினார். எங்களை அந்தப் படத்துக்கு அழைத்துச் சென்றவர் அவரேதான்!

இதற்கு நான்கு ஆண்டுகளின் முன், 1961இல், அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பேட் பண்டூரா என்னும் உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். காற்றடைத்த பொம்மையொன்றைப் பெரியவர் ஒருவர் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் சிறு பிள்ளைகள் பார்க்கும்படி செய்து, பின்பு அப்பிள்ளைகளைப் பொம்மையோடு விட்டார். அதே குத்து, அதே அடி, பெரியவர் சொன்ன அதே சொற்கள்! 1963இல் அதனையே திரைப்படமாகக் காட்டியபோதும் பிள்ளைகள் அவ்வாறே செய்தனர். 1965இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் படத்திற் கண்ட பிள்ளைகள் தாம் அடிப்பதைக் குறைத்துக்கொண்டனர். ஆனால், ‘செய்து காட்டினாற் பரிசு தருவோம்’ என்றதும், அவர்களும் மற்றப் பிள்ளைகளைப் போலவே அவற்றைச் செய்து காட்டினர். ‘வில்லன் கடைசியிற் சிறைக்குப் போகிறான்தானே’ என்று சமாதானம் சொல்லும் பட முதலாளிமாருக்கு இது விடையாகும். கற்றது உள்ளே கிடக்கிறது. தருணம் வந்தால் வெளியே வரும்.

நம் குடாநாட்டிலே சில காலமாக வாள்வெட்டுக் குழுக்கள் என்று கேள்விப்படுகிறோம். போர் விட்டுச் சென்ற சிதைவு, வேலையின்மை, போதைப்பொருள் என்று அதற்குக் காரணங்கள் பல. சினிமாதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் வாளை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்து, அதனை உலகுக்குக் காட்ட வேண்டும் என்னும் ஆசை எந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம்?

நிற்க. பண்டூராவின் முதற் சோதனையிற் பிள்ளைகள் பார்த்தது நடிகரை அன்று. அதே அறையில் இருந்த ஒரு பெரியவரை. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருகிறேன்.

1956 என்றவுடன் நமக்குத் தனிச்சிங்களச் சட்டந்தான் நினைவுக்கு வரும். அதே ஆண்டில் ஹோர்ட்டன், வோல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் தோன்றுவோரிடம் பொதுமக்கள் கொள்ளும் உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். நான் அவரை அறிவேன். அவர் என்னை அறியார். அவர் துயருற்றால் நான் அழுவேன். நான் காய்ச்சலிற் கிடந்தால் அவருக்குத் தெரியாது. இத்தகைய உறவுக்கு அவர்கள் புதுப் பெயர் சூட்டினர். நம் இலக்கணகாரரோ ஒருதலை அன்பைக் கைக்கிளை என்று சொல்லி, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே எப்போதோ வைத்துவிட்டார்கள்.

எம்.ஜி.ஆருக்கு அநியாயம் செய்ய நான் விரும்பவில்லை. புகைப்பதும் குடிப்பதும் தம் பாத்திரங்களுக்கு ஆகா என்று அவர் பெரும்பாலும் விலக்கி நடித்தார். தாயைப் போற்றும் மகனாகவும் ஏழைக்கு இரங்குபவராகவும் தோன்றினார். பிள்ளைகள் தம்மைப் பார்க்கிறார்கள் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார். இன்று வாயிற் சிகரெட்டோடு பாய்ந்து வரும் கதாநாயகர்களுக்கு அவர் எவ்வளவோ மேல். அவ்வளவு கவனமாய் இருந்தவர் 1987 டிசெம்பர் 24ஆம் நாள் காலமானபோது, தமிழகத்தில் அத்துயர் தாங்காது தம் உயிரையே மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நல்ல நடிகன், கெட்ட நடிகன் என்று தரம் பிரிப்பதனால் மட்டும் இந்நோய் தீராது.

இப்பொழுது யாழ்ப்பாணத்து முற்றவெளிக்கு வாருங்கள். 1974 சனவரி 10ஆம் நாள் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நாளில் அங்கே திரண்ட மக்கள் வெள்ளத்தை என் கண்ணாற் கண்டேன். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கமக்காரரும் கடற்றொழிலாளரும் வந்தனர். யாரைப் பார்க்க? பேராசிரியர்களை! தமிழாராய்ச்சி செய்யும் அறிஞர்களை! அன்று பொலிசார் உட்புகுந்ததும், மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் பலியானதும் நீங்கள் அறிந்தவை. அவர்களின் நினைவுத்தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளின் பின், 2024 பெப்ரவரி 9ஆம் நாள், பாடகர் ஹரிஹரனும் தமன்னா முதலிய நடிகைகளும் வந்த நிகழ்ச்சிக்கு அதே முற்றவெளி மறுபடி நிரம்பியது. தடுப்புவேலிகள் முறிந்தன, நிகழ்ச்சி இடையிலே நிறுத்தப்பட்டது, நாலு பேர் முன்னிலையில் நம் மானம் போயிற்று.

‘பார்த்தீர்களா, ஐம்பது வருடத்தில் தமிழன் கெட்டுவிட்டான்’ என்று யாராவது சொல்வீர்கள். நான் சொல்லமாட்டேன். 1974இல் முற்றவெளிக்கு வந்த அதே சனம், அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை படக்கொட்டகை வாசலிலும் இடித்துக்கொண்டு நின்றது. அதில் நானும் ஒருவன். ஆனால் அக்காலத்துப் பிள்ளைக்குப் பார்க்க இரண்டு திசைகள் இருந்தன. அறிஞரைக் காணவும் தகப்பன் தோளில் ஏற்றிச் சென்றான்.

2025 செப்ரெம்பர் 27ஆம் நாள் தமிழ்நாட்டுக் கரூரிலே நடிகர் விஜய் அவர்களின் பரப்புரைக் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் மாண்டனர். அவர்களுட் குழந்தைகளும் உண்டு. குற்றம் எவருடையது என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிப்பார்கள். அக்குழந்தைகள் தாமாக நடந்து அங்கே சென்றவர்கள் அல்லர். தாய் தந்தையர் கைகளில் இருந்தவர்கள். பிள்ளையை இழந்த அப்பெற்றாரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. என் தகப்பனாரும் என்னை அப்படித்தானே கொண்டு சென்றார்? பிள்ளை நட்சத்திரத்தைப் பார்க்குமுன் பெற்றாருடைய முகத்தைப் பார்க்கிறது. அந்த முகம் எந்தத் திசையில் மலர்கிறதோ அந்தத் திசையில் அதுவும் திரும்புகிறது.

நான் ஆசிரியனாய் இருந்த காலத்தில் நாலாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், “தம்பி, நீர் பெரியவனாய் வந்து யாரைப்போல இருக்க விருப்பம்?” என்று கேட்டேன். நடிகர் ஒருவரின் பெயரைச் சொன்னான். “உம்முடைய ஐயாவைப்போல வர விருப்பமில்லையோ?” என்றேன். அவன் சற்றும் தயங்காமல், “என்னைப்போல வராதே எண்டுதான் ஐயா ஒவ்வொரு நாளும் சொல்லுறவர்” என்றான்.

அன்பர்களே, நான் இங்கு வந்தது இந்த ஒரு விடயத்தைச் சொல்வதற்காகவே. மாரி மழையை நம்பி நெல் விதைத்து, உவர் ஏறாத கிணறு அருமையாய் உள்ள இந்த ஊரிலே ஒரு பிள்ளையைப் படிப்பிப்பது எவ்வளவு பாடு என்பதை நான் அறிவேன். ‘நான் பட்ட கஷ்டம் நீ படாதே’ என்பது பாசத்திற் பிறந்த சொல். கமக்காரர் மட்டுமா சொல்கின்றனர்? எழுதுவினைஞர் சொல்கின்றார்; ஆசிரியர் சொல்கின்றார்; வெள்ளவத்தையில் வீடு வாங்கிய வைத்தியரும், ‘இந்த நாட்டில் இருக்காதே’ என்று சொல்கின்றார். பத்து வருடம் இதையே கேட்டு வளர்ந்த பிள்ளையின் மனத்தில் ஒரு நாற்காலி வெறுமையாய்க் கிடக்கிறது. அதிலிருந்து எழுந்து போனவர் நாம். வெறும் நாற்காலியில் நடிகன் வந்து அமர்ந்தான். அவன் யாரையும் தள்ளிவிட்டு அமரவில்லை.

முன்னாளில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீரர் கொழும்பு முதலாளிமார். மார்கழித் திருவாதிரைக்கு அவர்கள் ஈழத்துச் சிதம்பரத்துக்கு வரும் வரவே தனி. பதின்மூன்று வயதிற் கடைக்குப் போய், பலகையிலே படுத்தெழும்பி, தராசு பிடித்து முன்னேறியவர்கள். அவ்வாசையாற் படிப்பை விட்டுக் கெட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளையும் நான் அறிவேன்; அந்தக் காலம் பொற்காலமன்று. ஆயினும் அந்த வீரனைப் பிள்ளை கிட்ட நின்று பார்த்தது. அவன் சோம்பேறியைப் பேர் சொல்லி ஏசினான். படிக்கிறவனுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்தான். 1958, 1977, 1983 என்று கலவரங்கள் அடுக்கடுக்காய் வந்து தென்னிலங்கையிற் கடைகளை எரித்தன. 1991இல் நம் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தோர் ஒரு பகுதியினரே. இன்று பிள்ளையின் சொந்த மாமனும் கனடாவிலிருந்து கைபேசித் திரையில்தான் தோன்றுகிறான். நடிகனும் அதே திரையில்தான் தோன்றுகிறான். பிள்ளைக்கு இருவரும் ஒரே தூரம்.

அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருத்தல் ஆகாது என்னும் சட்டம் 2025 டிசெம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்லதே. ஆனாற் கதவைச் சாத்திய பிறகு அறைக்குள்ளே பிள்ளைக்குப் பார்க்க யார் இருக்கிறார்?

எனக்கு நடிகரைத் தவிர மற்றொரு வீரரும் இருந்தார். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசியப் போட்டிகளில் இலங்கையின் முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றார். நாட்களைக் கவனியுங்கள். மே மாதக் கடைசியில், தென்னிலங்கையிலே தமிழர் வெட்டுப்பட்டும் எரிபட்டும் மாண்ட அதே நாட்களில், ஒரு தமிழ் வாலிபர் இலங்கையின் கொடியை உயர்த்தினார்! நாங்கள் சிறுவர் கிளுவங்கம்பு இரண்டை நட்டு, குறுக்கே தடி வைத்துப் பாய்ந்தோம். எம்.ஜி.ஆராய் நடித்தபோது நான் எப்பொழுதும் வென்றேன். எதிர்வீரசிங்கமாய்ப் பாய்ந்தபோது தடி விழுந்தது. ஒவ்வொரு நாளும் விழுந்தது. ஒரு நாள் விழவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அவர் பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகளிலும் கல்விப் பணி செய்தார்.

2023 டிசெம்பரில் அரியாலைச் சிறுமி ஒருத்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றபோது நாமெல்லாம் பூரித்தோம். நானும் கண் கலங்கினேன். அக்குழந்தை எத்தனை விடியற்காலைகள் சாதகம் செய்திருக்கும்? அதனை எவரும் படம் பிடித்துக் காட்டவில்லை. கிரீடம் சூட்டியதைக் காட்டினர். ‘உன்னையும் அங்கே அனுப்புகிறேன் பார்’ என்று நம் வீடுகளிலே சொன்னபோது, பிள்ளைகளை எதற்கு அழைத்தோம்? சாதகத்துக்கா, கிரீடத்துக்கா?

இது அரசியற் பத்திரிகையில் வரப்போகும் பேச்சு என்று சொன்னார்கள். ஆகையால் ஒரு வார்த்தை. தந்தை செல்வா அவர்களின் குரல் பிற்காலத்தில் நாலாம் வரிசைக்குக் கேளாது. நடுக்குவாதம் அவரை வாட்டியது. எந்தப் படமுதலாளியும் அவரைக் கதாநாயகனாக்கத் துணியான். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தபோது என் தகப்பனார் என்னைக் கூட்டிச் சென்று, “அந்தா, அவர்தான்” என்று காட்டினார். மெலிந்த மனிதர் ஒருவர் வெயிலில் நிலத்திலே சும்மா இருந்தார். எனக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் அதைக் காட்டிய என் தகப்பனாரின் குரல் தாழ்ந்திருந்தது. சால்வையை இடுப்பிலே கட்டியிருந்தார். படத்துக்குப் போனபோது அவர் அப்படி இருந்ததில்லை. வித்தியாசம் பத்து வயதில் எனக்குத் தெரிந்தது.

நான் கேட்பது பெரிய காரியமன்று. வரும் காலபோகத்தில் உங்கள் பிள்ளையை ஒரு நாள் வயலுக்குக் கூட்டிச் செல்லுங்கள். வேலை வாங்குவதற்கன்று. எந்த மேகத்தைப் பார்த்து விதைக்கிறீர்கள், எந்தக் காணிக்கு எந்த நெல் தாங்கும் என்பதைச் சொல்லிக் காட்டுங்கள். உத்தியோகத்தர் தம் மேசையைக் காட்டட்டும்; படகு கட்டுபவர் தம் பட்டறையைக் காட்டட்டும். வாசிகசாலையில் மாதம் ஒரு மாலை, ஊரிலே தொழில் செய்யும் ஒருவர் பிள்ளைகள் நடுவே இருந்து, தம் தொழிலையும் அதிலே தாம் விட்ட பிழைகளையும் சொல்லட்டும். முதல் மாதம் நான் வருகிறேன். என் தம்பியையும் தழும்போடு அழைத்து வருவேன். இரண்டாம் மாதத்துக்கு யார் என்பதை இக்கூட்டம் கலையுமுன் தலைவர் அவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளும்படி வேண்டி அமர்கின்றேன்.