18 வயதுக்குப் பின் எங்கே?

(பொதுத்துறைத் தொழிலாளர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பஞ்சப்படி பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். அதற்கு முன், நம் உறுப்பினர்களின் வீடுகளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் ஒரு பிரச்னையைப் பேச விரும்புகிறோம். ஆட்டிசம் உள்ள மகன், அறிவுசார் குறைபாடுள்ள மகள், எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை - இவர்கள் பள்ளியை முடித்தபின் எங்கே போவது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு என்கிறது. 18 முடிந்த மறுநாள்? பிள்ளை வீட்டில். பார்த்துக்கொள்ளத் தாயும் வேலையை விட்டு வீட்டில். பிள்ளைக்கும் கூலியில்லை; வந்துகொண்டிருந்த தாயின் கூலியும் போயிற்று. பணக்காரன் பிள்ளைக்கென்றால் தனி ஆசிரியர் வருவார்.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1995-ம் ஆண்டுச் சட்டத்தின் 3 சதவீத வேலை ஒதுக்கீட்டில் இவர்களுக்குப் பங்கே கிடையாது. 2016-ம் ஆண்டுச் சட்டம் 4 சதவீதம் ஒதுக்கி, அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கென வைத்தது. சர்க்கார் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் உண்டு. (கவனக்குறைவுக் கோளாறு மட்டும் 21 வகைப் பட்டியலில் பெயரளவுக்குக்கூட இல்லை.)

ஆனால் 34-வது பிரிவைக் கடைசி வரை படியுங்கள், தோழர்களே! தகுந்த ஆள் கிடைக்காவிட்டால் காலியிடம் அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்போதும் கிடைக்காவிட்டால் வேறு வகை மாற்றுத்திறனாளிகளுக்கு. அவர்களிலும் இல்லையென்றால் மற்றவர்களுக்கு. "தகுந்த ஆள் கிடைக்கவில்லை" என்று ஓர் அதிகாரி இரண்டு ஆண்டு எழுதிவிட்டால் போதும், இடம் கைமாறிவிடும்! ஆள் எப்படிக் கிடைப்பான்? வேலை பழக்க ஏற்பாடு இல்லை. முன்பின் தெரியாத அறையில் நாலு அதிகாரிகள் முன் நிறுத்திக் கேள்வி கேட்டால், கண்ணைப் பார்த்துப் பேசாதவன் தகுதியற்றவன் ஆகிவிடுகிறான். சாமான்களை வகை பிரித்து அடுக்கச் சொல்லிப் பார்த்தார்களா?

தனியார் முதலாளிக்கோ கட்டாயமே கிடையாது. அவர் 5 சதவீதம் பேரை வைத்துக்கொள்ள சர்க்கார் ஊக்கச் சலுகை தருமாம். அதுவும் அதன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு! அந்தச் சக்தி என்றைக்கு வரும் என்று சட்டத்தில் எழுதவில்லை.

வேண்டியது என்ன? பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளிலேயே வாரத்தில் ஒரு நாள் உண்மையான வேலையிடத்தில் பழக்கம். தனியாக பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி வந்து சேருவதும் அந்தப் பழக்கத்தில் சேர்ந்ததே. செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக எழுதியோ படம் வரைந்தோ கொடுக்க வேண்டும். "சீக்கிரம் முடி" என்றால் அவனுக்குப் புரியாமல் போகலாம். "11 மணிக்குள் இந்தக் கட்டை முடி" என்றால் புரியும். இரைச்சல் தாங்காதவளுக்குச் சத்தம் குறைந்த ஓர் இடம். சந்தேகம் கேட்க, தினமும் மாறாத ஒரே ஆள். இந்த ஆளை சர்க்கார் அனுப்பட்டும் என்று காத்திருப்பானேன்? பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் நாம்தானே!

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. "பாவம், பொழுது போகட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் கவர் ஒட்ட வைப்பது தருமமல்ல, சுரண்டல். பழகும் காலத்துக்கும் கெடு வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன், நமது ஸ்தாபனத்தில் இந்த 1 சதவீதத்தில் எத்தனை இடம், எத்தனை நிரம்பியது, எத்தனை வேறு வகைக்கு மாற்றப்பட்டது என்று 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்போம். 15 வயதைத் தாண்டிய இத்தகைய பிள்ளைகள் உள்ள தோழர்கள், கூச்சப்படாமல், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இனி பஞ்சப்படிக்கு வருவோம்.