கறுப்புக் கட்டைகளில் சுருதி சேர்த்தவர்



கர்டிஸ் மேஃபீல்டு பற்றிப் பேசப்போறேன்னு சொன்னதும் நண்பர் ஒருத்தர், "போராட்டப் பாட்டு எழுதினவர்தானே, நாலு பாட்டைப் போட்டுக் காட்டிட்டு உக்காந்துடுங்க" என்றார். பாட்டின் எழுச்சியைப் பற்றி நிறையப் பேர் பேசியாச்சு. நான் பேச வந்தது பட்டாவைப் பற்றி. பாட்டு யார் பெயரில் பதிவாகியிருக்கு என்கிற விவகாரம்.

அதுக்கு முன்னால் ஓடிஸ் பிளாக்வெல் கதையைச் சொல்லணும். நியூயார்க், புரூக்ளினில் பிறந்த கறுப்பர். தையல்கடையில் துணிக்கு இஸ்திரி போட்டவர். 1955 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பாட்டுக்கு 25 டாலர் வாங்கிக்கொண்டு ஆறு பாட்டுகளைக் கொடுத்தார். அதில் ஒன்று 'டோன்ட் பி குரூயல்'. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடினார். எங்கும் அதே பாட்டுதான். இசைத்தட்டில் எழுதியவர் என்கிற இடத்தில் பிளாக்வெல் பெயரோடு பிரெஸ்லி பெயரும் இருந்தது. எல்விஸ் அதில் ஒரு வரி எழுதவில்லை. பங்கு கொடுத்தால் பாடுவார், இல்லேன்னா இல்லை, அதுதான் பேரம். இரண்டு பேரும் கடைசிவரை நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

மேஃபீல்டு 1942இல் சிகாகோவில் பிறந்தார். வறுமை. அரசு கட்டிக்கொடுத்த காப்ரினி குடியிருப்பில் வளர்ந்தார். பாட்டி சபை நடத்திய போதகர். பாட்டு அங்கே தொடங்கியது. கிட்டாரைத் தானாகவே கற்றுக்கொண்டார். அதற்கு முன் பியானோவின் கறுப்புக் கட்டைகளில் விரல் பழகியிருந்ததால், கிட்டாரின் தந்திகளையும் அந்தக் கறுப்புக் கட்டைகளின் சுரத்துக்கே சேர்த்துக்கொண்டார். ஊர் உலகம் சேர்க்கிற சுருதி அது இல்லை. தேர்ந்த கலைஞர் அந்தக் கிட்டாரை எடுத்தாலும் கை தடுமாறும். கடைசிவரை அவர் அதை மாற்றவில்லை.

1958இல் அவரது குழுவின் முதல் தட்டு வெளிவந்தது. குழுவின் பெயர் இம்ப்ரெஷன்ஸ். கம்பெனியோ தட்டில் 'ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸும்' என்று அச்சடித்தது. ஒருத்தரை மட்டும் தூக்கி முன்னால் வைத்தார்கள். கொஞ்ச நாளில் பட்லர் வெளியேறினார். ஒரு தட்டில் பெயரை எப்படிப் போடுவது என்பதே ஒரு குழுவை உடைக்கும் என்பதை மேஃபீல்டு 16 வயதில் பார்த்துவிட்டார்.

இருபது வயதை ஒட்டி அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிசாப் படுது. சொந்தமாகப் பாட்டுப் பதிப்பு நிறுவனம் தொடங்கினார். அமெரிக்காவில் ஒரு பாட்டின் வருமானத்தில் வழக்கமாகப் பாதி எழுதியவருக்கு, பாதி பதிப்பாளருக்கு. வானொலியில் ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும், பாடினவருக்குக் கிடையாது. ஆக, எழுதிப் பாடுகிற கறுப்பு இளைஞர் பதிப்புரிமையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் பாதி போச்சு. மேஃபீல்டு இரண்டு பாதியையும் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

பிறகு வந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதான். 1964இல் 'கீப் ஆன் புஷிங்', 1965இல் 'பீப்பிள் கெட் ரெடி'. குடியுரிமைப் போராட்டத்தின் ஊர்வலங்களில் இவற்றைப் பாடினார்கள். 1967 கடைசியில் 'வி ஆர் எ வின்னர்'. இந்தப் பாட்டைச் சில வானொலி நிலையங்கள் போட மறுத்தன. அப்படியும் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. 1968இல் கர்டம் என்று சொந்த இசைத்தட்டுக் கம்பெனி. 1972இல் 'சூப்பர் ஃப்ளை' படத்துக்குப் பாட்டு. படம் போதைமருந்து விற்பவனைக் கதாநாயகனாக்கியது, பாட்டுகளோ அந்த வியாபாரத்தில் செத்துப்போகிறவர்களுக்காகப் பேசின. படம் வருவதற்கு முன்பே பாட்டுகள் வந்துவிட்டன. (அதே 1972இல்தான் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியது, கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டு.)

"சொத்துரிமைப் பேச்சு நமக்கெதுக்கு தோழர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேஃபீல்டிடமே அதற்குக் கசப்பான உதாரணம் இருக்கு. 'சூப்பர் ஃப்ளை'க்கு இசைக்கோர்ப்பு செய்தவர் ஜானி பேட் என்கிற இன்னொரு கறுப்பர். படத்தில் பாடல்வரி இல்லாத இசைத்துண்டுகளில் தனக்கும் பங்கு உண்டு என்றார். மேஃபீல்டு கொடுக்கவில்லை. பட்டாவின் மதிப்பு தெரிந்தவர், பக்கத்தில் நின்று உழைத்தவருக்குப் பட்டா கொடுக்க மறுத்தார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனசில்லை. ஆனாலும், முதலில் பறிகொடுத்தவர்கள் யார், பறித்தவர்கள் யார் என்ற கணக்கை இதை வைத்து யாரும் அழிக்க முடியாது.

1990 ஆகஸ்ட் 13. புரூக்ளினில் திறந்தவெளிக் கச்சேரி. காற்றில் விளக்குச் சாரம் சரிந்து மேஃபீல்டு மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உணர்வு போயிற்று. இனி கிட்டாரைத் தொட முடியாது. அந்தச் சுருதியிலேயே பழகிய விரல்கள் அவை. இதற்கிடையில் ஹிப்-ஹாப் இளைஞர்கள் அவருடைய பழைய தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தங்கள் பாட்டுகளில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயரும் ஏறியது. அசைய முடியாத மனிதருக்கு அந்தப் பெயர் சம்பாதித்துக் கொடுத்தது.

1996இல் 'நியூ வேர்ல்டு ஆர்டர்' என்ற தொகுப்பு வந்தது. உட்கார்ந்து பாட நுரையீரலில் காற்று போதவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார்கள், மூச்சு வாங்கிக்கொள்வார், அடுத்த வரி. அப்படியே ஒரு முழுத் தொகுப்பையும் பாடி முடித்தார். 1999 டிசம்பர் 26 அன்று இறந்தார்.

கேசட் கொண்டுவந்திருக்கேன். மேஃபீல்டு படுத்துக்கொண்டு பாடினதைத்தான் முதலில் போடுறேன், கேளுங்க.