திரும்பிப் பாருங்கள்

(பங்குத்தந்தையின் வெள்ளிவிழா உரை)



2013இல் ஆக்ஸ்போர்டு அகராதியார் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது 'செல்ஃபி'. முதலில் உதட்டைக் குவித்தார்கள், பிறகு இரு விரலால் இதயம் காட்டினார்கள், நாளை வேறொன்று. 'சூப்பர்' போய் 'வேற லெவல்' வந்தது. இளைஞரைக் குறை கூறேன். 'பூசை' என்ற நாமே இன்று 'திருப்பலி' என்கிறோமே!

ஆனால் மாதா கெபியோடு செல்ஃபி எடுக்க, மாதாவுக்கே முதுகு காட்ட வேண்டியிருக்கிறது. சென்ற திருவிழாவில் அப்படி நின்றவர்களுக்குப் பின்னால், படியேற முடியாமல் ஒரு பாட்டி கைநீட்டி நின்றார். படத்தில் விழுந்திருக்கிறார், எவர் கண்ணிலும் விழவில்லை. அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களில் நானும் ஒருவன்.

விழா நாளில் படம் எடுங்கள். எடுத்தபின் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மாதா அங்கேதான் இருக்கிறார்கள்; பாட்டியும்.