கடல் கொள்ளும் கல்லறைகள்: டோரஸ் நீரிணை மக்களின் வழக்கு



ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கும் பப்புவா நியூ கினிக்கும் இடையே டோரஸ் நீரிணை உள்ளது. அங்கே போய்கு, மாசிக், வாராபர், பொருமா என்னும் சிறு தீவுகளில் பன்னெடுங்காலமாகப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். கடல் மட்டம் உயர உயர, தோட்டங்களில் உப்புநீர் புகுகிறது. மூதாதையரின் கல்லறைகளை அலைகள் அரித்து எலும்புகளைக் கரையில் சிதறடிக்கின்றன. முன்னோர் புதைந்த இடத்தைப் பேணுவது அம்மக்களுக்குப் பண்பாட்டுக் கடமை. தீவை விட்டு வெளியேறினால் அதை எங்கே நிறைவேற்றுவது?

2019 மே மாதத்தில் இத்தீவினர் எட்டுப் பேர், ஆறு குழந்தைகளுக்காகவும் சேர்த்து, ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தம் அரசின் மீது முறையிட்டனர். புவி வெப்பமாதலுக்குத் தான் மட்டும் காரணமல்ல, ஆகவே சட்டப் பொறுப்பும் தனக்கில்லை என்று ஆஸ்திரேலிய அரசு வாதாடியது. உலகின் மாபெரும் நிலக்கரி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றின் வாதம் இது! கூட்டுக் கொள்ளையில் தன் பங்கு சிறிது என்பவன் குற்றவாளி இல்லையா?

2022 செப்டம்பரில் வெளியான முடிவில் குழு இவ்வாதத்தை ஏற்கவில்லை. உரிய காலத்தில் தடுப்புச் சுவர் முதலிய பாதுகாப்புகளைச் செய்யத் தவறியதால் அம்மக்களின் பண்பாட்டு உரிமையும், இல்லத்துக்கும் குடும்ப வாழ்வுக்கும் உரிய உரிமையும் மீறப்பட்டன என்று கூறி, இழப்பீடும் வழங்கச் சொன்னது. உயிர்வாழும் உரிமை மீறப்பட்டதாக மட்டும் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஏற்கவில்லை. தீவுகள் வாழத் தகுதியற்றவையாக இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றனவாம். அதற்குள் அரசு ஏதேனும் செய்யக்கூடுமாம்! தன் முடிவை நிறைவேற்ற வைக்கும் அதிகாரமும் குழுவிடம் இல்லை.

இந்நீரிணைக்கு நீதிமன்றம் புதிதன்று. மேர் தீவின் எடி மாபோ தொடுத்த வழக்கில்தான், ஆஸ்திரேலியா உரிமையாளரற்ற நிலம் என்ற காலனியக் கட்டுக்கதையை 1992 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் தகர்த்தது. அத்தீர்ப்பைக் காண மாபோ உயிரோடில்லை.

அவ்வழியில் போய்குவின் பபாய் பபாயும் சாய்பாயின் பால் கபாயும் 2021 இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசின் மீது வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூலை 15 அன்று நீதிபதி விக்னி வழக்கைத் தள்ளுபடி செய்தார். உமிழ்வு இலக்குகளை வகுத்தபோது முந்தைய அரசுகள் அறிவியலைப் பொருட்படுத்தவில்லை என்று ஒப்புக்கொண்டபின் தந்த தீர்ப்பு அது. உமிழ்வுக் கொள்கை அரசும் நாடாளுமன்றமும் முடிவெடுக்க வேண்டியது. சட்டம் மாறும்வரை மக்களுக்கு எஞ்சிய வழி பரப்புரையும் போராட்டமும் வாக்குச் சீட்டுமே என்றார். இதை ஒரு நீதிபதியே கூறியது கவனிக்கத்தக்கது.

எட்டே நாட்களில், ஜூலை 23 அன்று, வனுவாட்டு முதலிய தீவு நாடுகளின் முயற்சியால் கோரப்பட்ட ஆலோசனைக் கருத்தைச் சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாக வழங்கியது. காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை. புதைபடிவ எரிபொருள் உற்பத்திக்கு உரிமம் தருவதும் மானியம் அளிப்பதும்கூட அக்கடமையை மீறிய செயலாகலாம் என்றது அந்நீதிமன்றம்.

டோரஸ் தீவுகள் அடங்கிய குயின்ஸ்லாந்து மாநிலத்தில்தான் அதானி குழுமத்தின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கமும் இருக்கிறது. அங்கிருந்து 2021 இறுதியில் ஏற்றுமதி தொடங்கிவிட்டது.