முதல்ல பிளக்கைப் பாருங்க, அப்புறம் பாண்டிக்குப் போங்க!

நடுவர் ஐயா அவர்களே, ஆயுசுக்கும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையால் தொட்டதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, பாகூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிற சொந்தங்களே, வில்லியனூர்ப் பெருமக்களே!

திடீரென்று அணைந்துபோகிற வீட்டுக் கம்ப்யூட்டரை முதலில் நாமே பார்ப்பது விவேகமா, விபரீதமா என்று கேட்டிருக்கிறார்கள். விவேகம்தான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர், மருந்து அதிகாரத்திலிருந்து ஒரு குறளை எடுத்துவிட்டார். நோய் என்றால் மருத்துவர், கம்ப்யூட்டர் என்றால் மெக்கானிக், வள்ளுவரே சொல்லிட்டார் என்றார். கைத்தட்டலும் வாங்கிட்டார். ஐயா, அந்தக் குறளில் வள்ளுவர் நோய்க்குக் காரணம் என்ன என்று தேடச் சொல்கிறார். டோக்கன் வாங்கிட்டு பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை!

இன்னொன்றும் நடந்தது, நீங்க எல்லாரும் பார்த்தீங்க. பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் நின்றுபோச்சு. அவர் என்ன செய்தார்? மைக்செட்காரரைக் கூப்பிட்டாரா? இல்லை. மைக்கைத் தட்டினார். ஊதினார். அடியில் இருக்கிற ஸ்விட்சைத் தள்ளிப் பார்த்தார். ஒயரை ஒரு ஆட்டு ஆட்டினார். மைக் பேச ஆரம்பித்தது. உடனே, "எந்தப் பொருளையும் நாமே தொடக் கூடாது" என்று பேச்சைத் தொடர்ந்தார்! நடுவர் அவர்களே, எங்கள் அணிக்கு இதைவிட நல்ல பேச்சாளர் கிடையாது. அவர் பேசிய நேரத்தை எங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கதையைக் கேளுங்க. பெயர் வேண்டாம், இந்தக் கூட்டத்திலேயே அவருடைய சம்பந்தி வீட்டார் இருக்கலாம். மகள் படிக்க வாங்கிய கம்ப்யூட்டர். ஒருநாள் ராத்திரி ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று அணைந்துபோச்சு. வீட்டில் விளக்கு எரியுது, ஃபேன் ஓடுது, கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. பொண்ணு, "அப்பா, பின்னாடி பிளக்கைப் பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கு. "ஏய், கை வெக்காத! வெவரம் தெரிஞ்சவன் பாக்கட்டும்!" என்று ஒரே அதட்டல்.

மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினார். பின்னாடி அவர் சம்சாரம், மடியில் சிபியு. கைக்குழந்தையைத் துண்டில் சுத்துவார்களே, அப்படிச் சுத்தி வெச்சிக்கினு போறாங்க. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பாண்டியில் ஒரு கடை. அங்கே கடையின் ஒயரைச் செருகி பட்டனைத் தட்டினால் ஜம்மென்று ஓடுது! பெரியவருக்கு வாயெல்லாம் பல். "பார்த்தியா, கைராசிக்காரன்" என்கிறார். கைராசிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஃபார்மட் போட்டார்!

கரண்ட் வராத பெட்டிக்கு ஃபார்மட் எதுக்குய்யா? தொட்டியில் தண்ணி வரவில்லை என்று போனவனுக்கு மொட்டை அடித்து அனுப்பின கதையா இருக்கே! மூத்த மகன் கல்யாண போட்டோ போச்சு, பொண்ணு எழுதி வெச்ச புராஜெக்ட் போச்சு, பில்லும் வந்துச்சு. மறுபடி மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில். வீட்டில் வெச்சு பட்டனைத் தட்டினால் மூச்சு இல்லை.

அடுத்த நாள் மறுபடி அதே ஊர்வலம். இந்தத் தடவை, உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாத்திட்டாங்க. வீட்டுக்கு வந்தால் அதே கதை. அப்பாதான் வெளியே போயிட்டாரே என்று பொண்ணு சுவர்ப் பக்கம் குனிந்து பார்த்திருக்கு. அந்தச் சாக்கெட்டில்தான் அய்யா தினமும் வேட்டிக்கு இஸ்திரி போடுவார். சூட்டில் உள்ளே இருக்கிற பித்தளை விரிந்து, ஒரு ஓரம் கருகி, பிளக் பல் ஆடுற மாதிரி ஆடுது. வேற சாக்கெட்டில் செருகியது. ஓடியது. இன்றைக்கும் ஓடுது. அந்தப் பொண்ணை அதட்டியது யார்? பேராசிரியர் பேசினாரே, அந்தக் கொள்கைதான் அதட்டியது!

நான் மெக்கானிக்குகளைக் குறை சொல்ல வரவில்லை. எத்தனையோ கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிவது பெட்டி மட்டும்தான். திடீர்னு அணையற கம்ப்யூட்டருக்குக் கோளாறு பாதி நேரம் வீட்டில் இருக்குதய்யா! சாக்கெட்டில் இருக்கு, ஸ்பைக் பஸ்டரில் இருக்கு, யூபிஎஸ்ஸில் இருக்கு, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் இருக்கு. பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம், வீட்டைப் பெயர்த்து மடியில் வெச்சிக்கினு போக முடியுமா?

இதையும் கேளுங்க. நம்ம வீட்டுக்கு வருவது 230 வோல்ட். எஸ்எம்பிஎஸ் அதை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி உள்ளே அனுப்புது. கரண்ட் வினாடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். நல்ல எஸ்எம்பிஎஸ் ஏறத்தாழ ஒரு சுற்றுக்குக் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். அதுக்கு மேல் தாங்காது. போர்வெல் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல அஞ்சாறு மடங்கு கரண்டை இழுக்கும். நடவு நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் நாலு மோட்டார் ஒண்ணா கிளம்பினால் வோல்டேஜ் எங்கே நிற்கும்? டியூப்லைட் கண்ணடிக்கும், மலிவு எஸ்எம்பிஎஸ் மண்டையைப் போடும். "எங்க வீட்டுலதான் யூபிஎஸ் இருக்கே" என்பீர்கள். அதுக்குள்ளே 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கு. ரெண்டு மூணு வருஷத்தில் அது வலு இழந்துவிடும். வெளியே பச்சை விளக்கு எரியும், உள்ளே உயிர் இருக்காது. வோல்டேஜ் சரிந்த நொடியில் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும், பேட்டரி கையை விரிக்கும், கம்ப்யூட்டர் படுக்கும். காப்பாற்ற வாங்கின பெட்டியே கவிழ்க்குது! யூபிஎஸ்ஸை விட்டுட்டு நேரா சுவரில் செருகிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிகிற விஷயம். இதுக்கு எஞ்சினியரிங் படிக்கணுமா?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்த ஒவ்வொரு தடவையும், மறுபடி போட்டதும், "கெர்னல் பவர் 41" என்று அது குறித்து வைக்கும். காரணம் சொல்லாது, ஆனால் எப்போது நடந்தது என்று பிடித்துவிடலாம். வில்லியனூர்ப் பக்கம் ஒரு பையன் அதை எடுத்து வெச்சிக்கினு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எல்லாமே காலை ஆறரைக்குப் பக்கம். "வைரஸா இருக்குமோ" என்கிறான். அடுப்படியிலிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்து, "அது நான் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற நேரம்டா" என்றாங்க. முடிஞ்சது! அந்த அம்மா கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. எந்தக் கடை மெக்கானிக்குக்கு அந்த ஆறரை மணி தெரியும்?

போட்டுப் பத்து நிமிஷம் ஓடி அப்புறம் அணையுதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகடைக் கழற்றி, பிராசசர் மேலே இருக்கிற ஃபேனைப் பாருங்க. செம்மண் புழுதியும் நெல் தூசும் படிந்து கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துகொள்ளுது. பெயிண்ட் பிரஷ் போதும். ஆளைக் கூப்பிட்டால் அவரும் அதே பிரஷைத்தான் பையிலிருந்து எடுப்பார்!

"ஷாக் அடிச்சா யார் பொறுப்பு?" என்று எதிரணி அம்மையார் கண் கலங்கக் கேட்டார்கள். அரங்கமே உச் கொட்டியது. அம்மா, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்க்கச் சொல்றோம். ஈரக் கையோடு தொடாதே என்கிறோம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி இருக்கலாம். அதைத் திறக்கச் சொன்னால் நானே எழுந்து உங்க பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பெட்டி போச்சு என்று நாம் கண்டுபிடித்தால் போதும், மாற்றுவதைக் கடைக்காரர் மாற்றட்டும். பார்ப்பது வேறு, பிரித்து மேய்வது வேறு. மூணு பேர் பேசியும் இந்த வித்தியாசம் அந்தப் பக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரியை மறந்திருப்பீர்களா? ஃபெஞ்சல் புயல் நம்ம தலைமேலேயே வந்து உட்கார்ந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணி தென்பெண்ணையாற்றில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் பூந்தது. கரண்ட் வந்ததும் எத்தனை பேர் நனைந்த கம்ப்யூட்டரை "ஓடுதா பார்க்கலாம்" என்று பிளக்கில் செருகினார்கள்! நனைந்ததைக் காய வைக்காமல் போடக் கூடாது என்று சொல்ல அந்த நேரத்தில் எந்த மெக்கானிக் வீட்டுக்கு வருவார்? பாண்டித் தெருவே தண்ணியில் நிற்கும்போது அவர் கடையில் அவர் சாமானைத் தூக்கிக்கொண்டிருப்பார். தன் வீட்டுப் பெட்டியைப் பற்றி நாலு விஷயம் தெரிந்த வீட்டில் அது பிழைத்தது. "தெரிஞ்சவன் வரட்டும்" என்ற வீட்டில், தெரியாதவனே செருகிவிட்டான்.

இதையும் நினைச்சுப் பாருங்க: கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மணி ராத்திரி பத்து. கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சு, பிள்ளை அழுது. கடையெல்லாம் சாத்தியாச்சு. பேராசிரியர் கொள்கைப்படி, விடிகிற வரைக்கும் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கணும்!

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரப்போகிற எதிரணிப் பேச்சாளருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போகிறேன். சுற்றி வளைக்காமல் இதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடங்கட்டும்: உங்க வீட்டு மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுதுன்னு பாண்டிக் கடைக்காரருக்கு யார் சொன்னது?