திருச்சுழியும் ஒரு மலையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியெல்லாம் கரிசலும் சீமைக்கருவேலமும்தான். பெரிய மலை எதுவும் கண்ணில் படாது. ஆனால் குண்டாற்றங்கரையில் இருக்கிற இந்த ஊர்ப் பையன் ஒருவன், 'அருணாசலம்' என்ற பேரைக் கேட்டே மனசைப் பறிகொடுத்தான். 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமன் அவன். பின்னாளில் ரமண மகரிஷி. பூமிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் அவர் பிறந்த வீடு இன்றும் இருக்கிறது.

1896 செப்டம்பர் 1-ல், அருணாசல மலை இருக்கும் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். 1950-ல் உடலை விடும்வரை அந்த மலையைவிட்டு அகலவே இல்லை.

அக்கினி மலை என்று சொல்லப்படுவதால் பலர் அதை அணைந்துபோன எரிமலை என்கிறார்கள். பாறை வேறு கதை சொல்கிறது. எரிமலை நெருப்பைக் கக்கும். அதன் குழம்பு வெளியே வந்து சீக்கிரம் இறுகும். இந்தப் பாறையோ பூமியின் ஆழத்துக்குள்ளேயே, மெல்ல மெல்ல இறுகிப் படிகமானது. அதன் வயது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். மேலே இருந்த மண்ணும் கல்லும் கரைந்து போன பிறகுதான் மலையாக வெளியே தெரிந்தது. இமயமலை இதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை.

மரம் வெட்டியும் காட்டுத்தீ பட்டும் மொட்டையாகிப்போன அருணாசலச் சரிவுகளில், சில பத்தாண்டுகளாக அன்பர்கள் மரக்கன்று நட்டு வருகிறார்கள். கோடையில் தீ பரவாமல் இருக்கத் தடுப்புப் பாதையும் வெட்டுகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் போகும்போது, அந்தப் பச்சையை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.