அச்சு அசலாகப் பாடுவதா, பதில் சொல்வதா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்களுக்குப் பிடித்த ஜாஸ் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள், ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கர்நாடகக் கச்சேரியில் வித்வான் ஒரு கீர்த்தனையைப் பாடிவிட்டு நிரவல், கற்பனை ஸ்வரம் என்று தன் மனோதர்மத்தைக் காட்டுவார். ஜாஸும் ஏறக்குறைய அப்படித்தான். முதலில் ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு சாக்ஸபோன்காரர், பியானோக்காரர் என்று ஒவ்வொருவரும் அதைத் தன் கற்பனையில் விரிப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நாளைக்கு அதே மெட்டை வாசித்தால் நடுவில் வருவது வேறாக இருக்கும்.

ஆனால் பதிவு செய்துவிட்டால், அந்த ஒரு நாளின் கற்பனை அப்படியே நிலைத்துவிடுகிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றதும் பெரியவர்களுக்குத் தோடி ராகம் நினைவுக்கு வரும். அவர் 1956இல் மறைந்தார். இசைத்தட்டில் இருக்கும் அவருடைய தோடியை இன்றைக்கும் கேட்கிறோம். ஜாஸில் அப்படி ஒரு தட்டு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959இல் நியூயார்க்கில், மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், மொத்தம் இரண்டே நாளில் பதிவு செய்தது. வாசித்தவர்கள் கையில் முழு இசைக்குறிப்பு கிடையாது. எந்த ஸ்வரங்களுக்குள் உலாவலாம் என்ற கோடு மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் அந்த நேரத்தில் பிறந்தது.

இப்படிப்பட்ட ஒரு பதிவுக்குப் பின்னால் வருகிறவர்கள் எப்படி மரியாதை செய்வது? இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

2014இல் ஒரு அமெரிக்கக் குழு அந்தத் தட்டை ஸ்வரத்துக்கு ஸ்வரம் அப்படியே திரும்ப வாசித்து, 'ப்ளூ' என்று வெளியிட்டது. உழைப்பு அசாத்தியமானது. ஆனால் கேட்டு முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அசலையே இன்னொரு முறை போட்டுக் கேட்கலாமே!

அடுத்த ஆண்டே இன்னொரு தட்டு வந்தது. ருத்ரேஷ் மஹந்தப்பா என்ற இந்திய வம்சாவளி சாக்ஸபோன் கலைஞர், 34 வயதில் மறைந்த மேதை சார்லி பார்க்கருக்குச் செய்த அஞ்சலி. பார்க்கரின் செல்லப்பெயர் 'பேர்ட்'. அதனால் தட்டின் பெயர் 'பேர்ட் கால்ஸ்'. அதில் பார்க்கரின் பாட்டு ஒன்றுகூட முழுதாக இல்லை. அவருடைய மெட்டுகளிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதை விதையாக வைத்துப் புதுப் பாட்டு கட்டியிருக்கிறார். இதே மஹந்தப்பா 2008இல் நம் கத்ரி கோபால்நாத்துடன் சேர்ந்து 'கின்ஸ்மென்' என்ற தட்டையும் தந்தவர். கத்ரியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் பிரபு சாக்ஸபோன் வாசிப்பாரே, காதில் விழுந்தது கத்ரியின் வாசிப்பு.

நம் இளையராஜாவும் 1986இல் இதைத்தான் செய்தார். 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். இருவரையும் நகலெடுக்கவில்லை. இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் பேச வைத்தார்.

இதற்கு இலக்கணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் திருக்கோவிலூரிலேயே இருக்கிறது. மழை இரவில் ஒரு இடைகழியில் மூன்று ஆழ்வார்கள் ஒதுங்கிய கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவு இடம். பொய்கையாழ்வார் உலகத்தையே விளக்காக்கிப் பாடினார். பூதத்தாழ்வார் அதைத் திருப்பிச் சொல்லவில்லை, அன்பை விளக்காக்கினார். பேயாழ்வார் அந்த வெளிச்சத்தில் தான் கண்டதைப் பாடினார். மூவருக்கும் வெண்பாதான், அந்தாதிதான். ஆனால் ஒவ்வொருவர் விளக்கும் வேறு. என்னைக் கேட்டால் உலகின் மிகச் சிறந்த அஞ்சலிக் கச்சேரி அதுதான்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. மறைந்ததிலிருந்து நம் ஆண்டு விழாவிலும் அவருக்காகப் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறோம். நல்ல விஷயம். கரோக்கி போட்டுப் பாடுவதும் தப்பில்லை. எல்லோரும் முதலில் நகலெடுத்துத்தான் கற்கிறோம். ஆனால் போன விழாவில் ஒரு சிறுமி கீபோர்டில் பாட்டின் கடைசி வரியை மாற்றி, தானாக ஒரு சிறு சுற்று சுற்றி முடித்தாள். சுருதியும் விலகவில்லை, தாளமும் விலகவில்லை. கீழே இறங்கியதும் பெரியவர்கள் சிலர், "கடைசியில தப்பா வாசிச்சுட்டியேம்மா" என்றார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு அந்த மேடையில் எஸ்.பி.பி.க்குப் பதில் சொன்னது அவள் ஒருத்திதான். அடுத்த முறை அவள் பயந்து அப்படியே வாசித்துவிட்டுப் போனால், நஷ்டம் நமக்கு.

அதனால் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, மாலை 6 முதல் 7 மணி வரை, கம்யூனிட்டி ஹாலில் பாட்டுக் கேட்போம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சத்தம் குறைவாகவே இருக்கட்டும். ஒரு வீட்டார் ஒரு பாட்டைக் கொண்டுவர வேண்டும். முதலில் அசலை முழுதாகக் கேட்போம், பாதியில் நிறுத்தக்கூடாது. பாடியவர் பெயரோடு வாசித்தவர்கள் பெயரையும் சொல்வோம். பிறகு அதே பாட்டை வேறொருவர் பாடியதைக் கேட்போம். அதன்பின் நம் பிள்ளைகள் வாசிக்கட்டும். அப்போது "அசல் மாதிரியே இருக்கா?" என்று கேட்காமல், "இதில் நீ என்ன சேர்த்தாய்?" என்று கேட்போம்.

பழைய இசைத்தட்டு, கேசட் வைத்திருப்பவர்கள் அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் எடுத்து வாருங்கள். முதல் ஞாயிறுக்கு 'கைண்ட் ஆஃப் ப்ளூ' நான் கொண்டு வருகிறேன். இரண்டாவது பாட்டு யார் வீட்டிலிருந்து?